ஒரு மாசம் என்று அம்மா சொன்னாள்

திருச்சுழி தாலுகா ஆபீசிலிருந்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அந்தப் பேச்சு வந்தது. அப்பா இறந்தபின் வீட்டு மனைப் பட்டாவை அம்மா பேருக்கு மாற்ற மனு கொடுத்திருந்தோம். அன்றைக்குப் போனது மூன்றாவது தடவை. அம்மா ஜன்னலோரம், நான் பக்கத்தில். எங்களுக்கு முன்சீட்டில் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் இருந்தார். அவர் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றதால் பஸ்ஸில் வந்திருந்தார்.

பரளச்சி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அம்மா ஏறக்குறைய முப்பது வருஷம் அவர் நிலத்தில் களையெடுத்தவள், மிளகாய் பறித்தவள். வயசு காரணமாக இப்போது போவதில்லை. அவர் திரும்பி உட்கார்ந்து, மனு என்ன ஆச்சு என்று விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளதான கம்ப்யூட்டர்ல வேல பாக்குறது?”

“ஆமாங்க மொதலாளி. மதுரையில கம்பெனியில இருந்துச்சு. பிள்ள பெறந்தப்பறம் வீட்டுலயே வச்சுப் பாக்குது” என்றாள் அம்மா.

அது சரிதான். மதுரையில் வெப்சைட் செய்து தரும் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் இருந்தேன். மகள் பிறந்தபின் அந்த வேலையை விட்டுவிட்டேன். என் கணவருக்கு அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்ட் வேலை. பாலவனத்தத்தில் வாடகை வீடு. அந்த வீட்டின் முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, பல் டாக்டர், டியூஷன் சென்டர் என்று கிடைக்கிற சின்ன வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன்.

பெரிய வீட்டுக்காரர் தன் யோசனையைச் சொன்னார். குதிரைவாலி உமி நீக்கும் மிஷின் ஒன்றை வாங்கி ஷெட்டில் வைத்திருக்கிறாராம். தன் நிலத்தில் விளைவதோடு சுற்றுவட்டாரத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளிடமும் குதிரைவாலி, மல்லி, மிளகாய் வத்தல் வாங்கிக் கிலோ கிலோவாகப் பாக்கெட் போட்டு விற்கப் போகிறார். வெப்சைட் இருந்தால் மெட்ராஸ்காரர்கள் வாங்குவார்கள் என்று அங்கே இருக்கிற அவருடைய மகள் சொல்லியிருக்கிறாள்.

“அதுக்கு எம்புட்டு ஆகும் தாயி? எத்தன நாளு ஆகும்?”

வேறு யாராவது கேட்டிருந்தால் நான் திருப்பிக் கேட்டிருப்பேன். எத்தனை பக்கம் வேண்டும், காட்டுவதற்கு மட்டுமா விற்பதற்குமா, படம் யார் எடுப்பது, எழுதித் தருவது யார், முடிந்தபின் யார் பார்த்துக்கொள்வது. மதுரைக் கம்பெனியில் இந்தக் கேள்விகளுக்கென்றே இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் இருந்தது. அது நிரம்பாமல் தேதியும் தொகையும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். “அதுக்கென்னங்க மொதலாளி. ஒரு மாசத்துல முடிச்சுக் குடுத்துரும்.”

அவர் என்னைப் பார்த்தார். அவர் எதிரில் அம்மாவை மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு மாசம் ஆகாது என்றால் அம்மா பொய் சொன்னதாக ஆகும். அவர் இன்னும் தொகைக்காகக் காத்திருந்தார். விருதுநகர் பல் டாக்டருக்கு ஐந்து பக்கத்துக்கு வாங்கியது நினைவுக்கு வந்தது. “இருபத்தஞ்சாயிரம்” என்றேன்.

“செரி தாயி. ஒண்ணாந் தேதி ஆரம்பிச்சிரு.”

பந்தல்குடி ரோடு வருவதற்குள் அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

“எதுக்கும்மா ஒரு மாசம்னு சொன்ன? ஒனக்கு என்ன தெரியும் அதப் பத்தி?”

“கேட்டாகள்ல. கேக்கும்போது முழிச்சுக்கிட்டு இருந்தா என்ன நெனைப்பாக?”

“நான் சொல்லியிருப்பேன்ல.”

அம்மா பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். “ரோட்டுல இருந்து நம்ம வீட்டுக்கு எதுல நடந்து போறோம்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குப் போக அவருடைய நிலத்து வரப்பை ஒட்டிய பாதைதான் குறுக்கு வழி. அந்தப் பாதை அவர் பட்டாவில் இருக்கிறது. நாங்கள் பிறந்தது முதல் அதில்தான் நடக்கிறோம். அவர் ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து ஊரில் வேறொருவர் இப்படி ஒரு பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பயம் உண்டு. பெரிய வீட்டுக்காரர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று அவளே சொல்வாள். சொல்லிவிட்டுப் பயப்படுவாள்.

ஒன்றாம் தேதி அவரே போன் செய்தார். நான் அட்வான்ஸ் கேட்கவில்லை. அவர் அனுப்பினார். அதுவும் என்னைக் கட்டிப்போட்டதுபோல இருந்தது.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. வெப்சைட்டுக்குப் பெயர் பதிவு செய்தேன், முகப்புப் பக்கம் வரைந்தேன். பச்சையும் மண்நிறமும் கலந்த அந்தப் பக்கம் எனக்கே பிடித்திருந்தது. இரண்டாவது வாரம் படம் வேண்டியிருந்தது. தன் மகள் வந்து எடுத்துத் தருவாள் என்றார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீயே எடுத்துக்க தாயி, போன்லயே எடுக்கலாம்ல” என்றார். நான் என் மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அவர் ஷெட்டுக்குப் போனேன். அவர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைச் சார்ட் பேப்பரை விரித்துக் குதிரைவாலியைக் குவித்தேன். ஆடிக் காற்று. பேப்பரின் நாலு மூலையிலும் கல் வைத்தால் தானியம் பறந்தது. தானியத்தைக் கையால் மறைத்தால் கை படத்தில் விழுந்தது. மிஷினில் வேலை பார்க்கிற அக்காமார் இரண்டு பேர் சேலையை விரித்து மறைப்புக் கட்டினார்கள். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, எல்லாப் படமும் வெளுத்துப்போயிற்று. மறுவாரம் காலை ஏழு மணி வெளிச்சத்துக்கு மறுபடி போனேன். எட்டுப் படத்துக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளை நான் எந்தக் கணக்கிலும் வைத்திருக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்.

“அப்படியே தமிழ்லயும் இருந்தா நல்லாருக்கும்ல தாயி.”

“அப்படியே அதுலயே காசு கட்டுற மாதிரி வச்சிரு. எம் மக சொன்னா.”

“அப்படியே எந்த ஊருக்கு அனுப்புனா எம்புட்டுச் செலவுன்னு அதுவே சொல்லணும்.”

“அப்படியே நமக்குத் தானியம் குடுக்குற சம்சாரிக படமும் அவுகளப் பத்தி நாலு வரியும் போட்டுரு.”

அவர் குரலை உயர்த்தியதே இல்லை. அதட்டியிருந்தால் எனக்கும் மறுத்துப் பேசத் தெம்பு வந்திருக்கும். போனதும் மோர் தரச் சொல்வார், என் மகளுக்குக் கடலை மிட்டாய் தருவார், வெயிலுக்கு முன்னால் கிளம்பு என்பார். நான் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு வருவேன். இன்னொன்றும் உண்டு. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற ஆட்களை ‘சார்’ என்பேன். அவரை அப்படிச் சொல்ல வரவில்லை. அம்மா சொல்வதுபோல ‘மொதலாளி’ என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. எதுவும் சொல்லி அழைக்காமலே பேசப் பழகிக்கொண்டேன். அப்படிப் பேசினால் ‘முடியாது’ என்ற வார்த்தையைச் சேர்க்க அந்தப் பேச்சில் இடமே இருக்காது.

மாசம் முடிந்தது. இரண்டாவது மாசமும் முடிந்தது. விற்பனைப் பக்கத்துக்கு விலை வேண்டும். கேட்டால் சிரிப்பார். “மிளகா வெலைய எப்படித் தாயி எழுதி வைக்க முடியும்? இன்னைக்கு ஒண்ணு விக்கும், நாளைக்கு ஒண்ணு விக்கும்.” விலை இல்லாமல் அந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க முடியாது. அது முடியாமல் பணம் கட்டும் வசதியைச் சேர்க்க முடியாது. அதற்கு அவர் தொழில் சம்பந்தப்பட்ட ஆவணங்கள் வேண்டும். அவை ஆடிட்டரிடம் இருந்தன. ஆடிட்டர் பிறகு தருகிறேன் என்றார். நான் ஒவ்வொரு கதவாகப் போய் நின்று திரும்பினேன். ஆனால் தேதி தாண்டியது என்னால்தான் என்று ஊரில் பேச்சு இருந்தது. அம்மாதான் வந்து சொன்னாள். “மொதலாளி வீட்டு வேலைய இன்னும் முடிக்கலையாம்லன்னு கேக்குறாளுக. எனக்குத் தல தூக்க முடியல.”

அந்தச் சமயத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். நல்ல வேலை, தெளிவாகக் கேட்டார். கையில் இருப்பது முடியட்டும், வருகிறேன் என்றேன். அவர் பத்து நாள் பார்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் கோபப்படவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே, “அத விடவும் முடியாது, முடிக்கவும் முடியாதுன்னா என்னதான் பண்ணப் போற?” என்று மட்டும் கேட்டார். பெரிய வீட்டுக்காரர் நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். மணி அடித்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு நானே அழைத்து, “பாப்பாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன்” என்று பொய் சொல்வேன். அந்த மாசங்களில் என் மகளைப் போல அத்தனை தடவை குளித்த பிள்ளை ஜில்லாவில் இருந்திருக்காது.

ஐந்தாவது மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்தேன். லேப்டாப்பைத் திறக்கப் பிடிக்கவில்லை. அவளுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பஸ்ஸில் அவர் கேட்டதை முதல் வரியில் எழுதினேன். அதன்கீழே அவர் ‘அப்படியே’ போட்டுச் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதினேன். பதினேழு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை நாள் வேலை, அதற்குமுன் யார் என்ன தர வேண்டும், அது தாமதமானால் எது நிற்கும் என்று எழுதினேன். எழுத எழுதத்தான் எனக்கே புரிந்தது. நான் சோம்பேறியும் இல்லை, வேலை தெரியாதவளும் இல்லை. கேட்ட எல்லாவற்றையும் செய்ய, எல்லோரும் சொன்ன நாளில் தந்தால்கூட, ஒருத்திக்கு நான்கரை மாசம் வேண்டும். தொகை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டேன். குறையவில்லை. மதியச் சமையலை மறந்துவிட்டேன். அன்றைக்குக் கடையில் பரோட்டா வாங்கினோம்.

அந்தப் பட்டியலை நல்ல பேப்பரில் தமிழில் அடித்து, ஊருக்குப் போய் முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

“இதக் கொண்டுபோயி அவுக கையில குடுக்கப் போறியா?”

“ஆமா.”

“இம்புட்டு ரூவான்னு எழுதியா?”

“ரூவாய விடும்மா. நாளப் பாரு. இத நான் ஒரு மாசத்துல செய்ய முடியுமா?”

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். “களையெடுக்கணும்னா நெலத்தப் பாத்ததும் இத்தன ஆளு, இத்தன நாளுன்னு சொல்லிருவேன். தப்பாது. அது மாதிரிதான்னு நெனச்சுச் சொல்லிட்டேன்.” பிறகு எழுந்து சேலையை மாற்றினாள். “நானும் வாரேன்.”

அவர் வீட்டில் என்னை உட்காரச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மாவையும் உட்காரச் சொன்னார். அவள் ‘இருக்கட்டுங்க’ என்று தூணை ஒட்டி நின்றாள். நான் உட்கார்ந்திருப்பதும் அவள் நிற்பதும் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை வாங்கினார். மூன்று பக்கம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ‘மிளகாய் விலை: தாங்கள் தர வேண்டியது’ என்ற வரியில் விரல் நின்றது.

“ஒரு மாசம்னுல்ல சொன்னது?” என்றார்.

நான் பேச வருவதற்குள் அம்மா தூணிலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தாள். “அது நாஞ் சொன்னதுங்க மொதலாளி. பிள்ள சொல்லல. எனக்கு அந்த வேலையப் பத்தி ஒண்ணுந் தெரியாது. தெரியாமச் சொல்லிட்டேன். அதுமேல குத்தமில்ல.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் அதற்குமுன் கண்டதில்லை. அவர் அவளையும் என்னையும் பார்த்தார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“யோசிச்சுச் சொல்றேன் தாயி” என்றார். அன்றைக்கு மோர் வரவில்லை.

அதற்குப்பின் பதினெட்டு நாள் அவரிடமிருந்து போன் இல்லை. எந்தப் போனைக் கண்டு ஒளிந்தேனோ அதையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்த நாட்களில் வரப்புப் பாதையை விட்டுவிட்டாள். கண்மாய்க் கரை வழியாகச் சீமைக்கருவேலத்துக்கு நடுவில் சுற்றிப் போனாள். கூடுதலாகக் கால்மணி நேர நடை. யாரும் அவளைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. “ஏம்மா இப்படி?” என்று கேட்டேன். “அவுக சொல்றதுக்கு முன்னாடி நாமளே நின்னுக்கிட்டா மரியாதையா இருக்கும்ல” என்றாள். என் மூன்று பக்கம் அவளுடைய பாதையைப் பறித்துவிட்டது என்று நினைத்தேன். எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

பத்தொன்பதாம் நாள் கூப்பிட்டார்.

“தாயி, ஒம் பேப்பர மதுரையில ஒரு கம்பெனியில காமிச்சேன். எம் மக சொன்ன எடம். அவுக எட்டு மாசங்குறாக. ரூவாயும் ஒன்னவிட ரெண்டு பங்கு.” பிறகு இதையும் சொன்னார். “எழுதுனது யாருன்னு கேட்டாக. எங்க ஊருப் பிள்ளன்னு சொன்னேன்.”

என் வார்த்தை சரிதான் என்று அவருக்குத் தெரிவதற்கு மதுரையில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அது உறுத்தியது. ஆனாலும் ‘எங்க ஊருப் பிள்ள’ என்றது பிடித்திருந்தது.

“நா மொத மொத கேட்டது என்ன, அத மட்டும் போட்டுரு. படம், ஊரு, போன் நம்பரு. மத்தத வெள்ளாமை வரட்டும், பாத்துக்கிருவோம்.”

பணம் கட்டும் பக்கம், கூரியர் செலவு, சம்சாரிகள் பற்றிய நாலு நாலு வரி என்று மூன்று மாசமாகச் செய்த பாதி வேலைகளை ஒரு ஃபோல்டரில் போட்டு மூடினேன். அதற்கு யாரும் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மிச்சத்தை ஒன்பது நாளில் முடித்தேன். குதிரைவாலிப் படம் முகப்பில் நன்றாக வந்திருந்தது. மிச்சத் தொகையை அன்றே அனுப்பிவிட்டார்.

அம்மா இன்னும் ஒரு மாசம் கண்மாய் வழியாகத்தான் போனாள். ஒருநாள் நான் போயிருந்தபோது, தலையில் புல்லுக்கட்டோடு வரப்புப் பாதையில் வந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கால் வலிக்குது” என்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

இப்போது யார் வெப்சைட் கேட்டாலும், மூன்று நாள் கழித்து எழுதித் தருகிறேன் என்கிறேன். சிலர் காத்திருக்கிறார்கள். சிலர் உடனே சொல்கிற ஆளிடம் போய்விடுகிறார்கள். அவர்களைத் தடுக்க முடியாது.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக வாட்ஸப் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரைப் போட்டிருந்தேன். வெப்சைட்டைத் திறக்கிற அன்று மாற்றப் போனபோது அவர் தடுத்தார். “அது இருக்கட்டும் தாயி. நமக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. வந்தா நீயே பதில் சொல்லிட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லிரு.” தினமும் இரண்டு மூன்று பேர்தானே கேட்பார்கள் என்று நானும் தலையாட்டிவிட்டேன். பொங்கலுக்கு முன் பதினைந்து இருபது பேர் ஆனார்கள். பதில் சொல்வதும் வேலை, அதற்கும் நேரம் உண்டு என்பது அந்த மூன்று பக்கத்தில் இல்லை. எனக்கே அது தோன்றவில்லை.

என் கணவர் இதைப் போய் அவரிடம் சொல்லச் சொல்கிறார். சொல்ல வேண்டும். போன வாரம் போனேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். மழை பற்றிப் பேசினோம். திரும்பி வரும் பஸ்ஸில் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, குதிரைவாலி ஐந்து கிலோ வேண்டும், எத்தனை நாளில் வந்து சேரும் என்று கேட்டார்.

“கேட்டுட்டுச் சொல்றேங்க” என்றேன்.